நுளம்புக் குடம்பியும் கறுவா எண்ணெயும்

புத்தளக் கரையிலுள்ள மாம்புரி மணற்பாங்கான ஊர். பெய்த மழையை மணல் விரைவில் உறிஞ்சிவிடும். எனினும் தென்னந்தோப்பிற் கிடக்கும் சிரட்டையிலும், அணில் கோதிய குரும்பையிலும், கரையில் நிமிர்த்தி விட்ட வள்ளத்திலும் நீர் தங்குகிறது. டெங்கு நுளம்புக்கு அவ்வளவே போதும். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும்.

1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. அந்நோய் 2016இல் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மறு ஆண்டே டெங்கு 1,80,000 பேருக்கு மேல் பீடித்தது!

நுளம்பின் இளம்பருவமாகிய குடம்பியைக் கூத்தாடி என்பர். மண்ணெண்ணெய் நீர்மேற் படலமாய்ப் பரந்து அதன் மூச்சை அடைக்கும். கறுவா இலை எண்ணெயின் வழி வேறு. அதிற் பெரும்பங்காயுள்ள இயூஜினோல் குடம்பிக்கு நஞ்சாகிறது. கிராம்பின் மணமும் இதனாலேயே. நம் நாட்டுச் சரக்கே இது என்பதில் மகிழ்ச்சிதான். ஆயின் ஆய்வுகூடக் கிண்ணத்திற் கண்ட வெற்றி தோப்பில் அப்படியே கிட்டுவதில்லை. இவ்வெண்ணெய் நீரிற் கரையாது. காற்றில் விரைந்து ஆவியாகும். கடற்காற்று ஓயாத மாம்புரியிற் சொல்லவும் வேண்டுமா? மீண்டும் மீண்டும் இடுவதற்குச் செலவும் மிகும்.

சிரட்டையைப் புதைப்பதற்குச் செலவில்லை. வெறுமனே கவிழ்த்தல் போதாது; உட்சுவரில் ஒட்டிய முட்டை நீரின்றியும் மாதக்கணக்கில் உயிர்தாங்கும். அகற்றவியலாத சிமெந்துக் குழிக்கும் மரப்பொந்துக்குமே எண்ணெயை நாடலாம். குடிநீர்க் கிணற்றில் எந்த எண்ணெயும் ஆகாது. அங்கே கப்பி மீன் சிலவற்றை விட்டால், அவை கூத்தாடிகளைத் தின்று வாழும்.