தொழில் தொடங்குவோரின் நாழிகைக் கணக்கு



தொழில் தொடங்கப் புகும் இளைஞர்கள் பெரியோரை நாடி வரும்போது முதலீட்டைப் பற்றிக் கேட்கின்றனர். இடத்தைப் பற்றிக் கேட்கின்றனர். உரிமம், வங்கிக் கடன், பெயர்ப்பலகையில் பொறிக்க வேண்டிய பெயர் ஆகியவற்றையும் கேட்டுத் தெளிகின்றனர். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைப்பது என்னும் வினா மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், 'சொந்தத் தொழிலுக்கு நேரம் காலம் உண்டா?' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே முடித்துவிடுகிறார். சுற்றியிருப்போரும் தலையசைத்து விடுகின்றனர். அந்தச் சிரிப்பில் அடங்கிப்போன வினாவைச் சற்று விரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பிறரிடம் வேலை செய்வோருக்கு இவ்வினாவைச் சட்டம் விடுவித்திருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடைப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் அளித்தது. 2019ஆம் ஆண்டில், பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடைகள் ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. அப்போதும் பணியாளரின் வார விடுமுறை நீக்கப்படவில்லை. கடை திறந்திருக்கும் நேரம் வேறு, ஒரு மனிதர் உழைக்கும் நேரம் வேறு என்பதைச் சட்டம் தெளிவாகவே உணர்ந்திருக்கிறது. உணராதவர் பெரும்பாலும் முதலாளியே. தம் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் தாமும் அங்கு அமர்ந்திருக்க வேண்டும் என்று அவர் கருதுகிறார். அவருக்கு வரம்பு கட்ட எந்தச் சட்டமும் இல்லை. அவரே கட்டிக்கொண்டால்தான் உண்டு.

திருக்குறளின் பொருட்பாலைப் பயில்வோர் அதிகார வைப்பு முறையை உற்று நோக்குதல் நன்று. வலியறிதல் 48ஆம் அதிகாரம். காலமறிதல் 49ஆம் அதிகாரம். இடனறிதல் 50ஆம் அதிகாரம். வலிமைக்குப் பின்னரே காலம் வைக்கப்பட்டிருக்கிறது. காலத்திற்குப் பின்னர் இடம். தொழில் தொடங்குவோர் செய்வதோ தலைகீழ். முதலில் கடைத்தெருவில் இடம் பார்க்கின்றனர். பிறகு திறக்கும் நாளைக் குறிக்கின்றனர். தம் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை இரண்டாம் ஆண்டில் மருத்துவர் சொல்லித் தெரிந்துகொள்கின்றனர்.

வலியறிந்து தொழில் செய்தவர் ஒருவரின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்கலாம். அவர் சப்பான் நாட்டவர்; பெயர் கொனோசுகே மட்சுஷிதா. 1894ஆம் ஆண்டு வகயாமாப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் அரிசி ஊக வணிகத்தில் பொருளை இழந்தமையால் குடும்பம் நொடித்தது. ஒன்பது வயதில் பள்ளிப் படிப்பை விட்டு ஓசாகா நகரில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பின்னர் மிதிவண்டிக் கடை. அதன்பின் ஓசாகா மின்விளக்கு நிறுவனம். அங்கே இளவயதிலேயே ஆய்வாளராக உயர்ந்தார். ஆய்வாளரின் வேலை எளிது. நாளில் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடும். மற்றவர்கள் நற்பேறு என்று கருதும் அந்த ஓய்வு அவருக்கு உவப்பளிக்கவில்லை. 1917ஆம் ஆண்டு அவ்வேலையைத் துறந்து, தாம் வடிவமைத்த மின்விளக்குத் தாங்கியைத் தாமே செய்து விற்க முனைந்தார்.

பொருள் விற்கவில்லை. உடன் வந்த நண்பர்கள் வேறு வேலை தேடிச் சென்றனர். மனைவி முமெனோவின் ஆடைகள் அடகுக் கடைக்குச் சென்றன. அவ்வாண்டின் இறுதியில், மின்விசிறிக்கான காப்புத் தகடுகள் ஆயிரம் வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்டது. அதுவே அவர்களைக் கரை சேர்த்தது. 1918 மார்ச் 7 அன்று நிறுவனம் முறையாகத் தோன்றியபோது அதில் இருந்தவர்கள் மூவர்: மட்சுஷிதா, அவர் மனைவி, சிறுவனாயிருந்த மைத்துனர் தோஷியோ இயுவே. இந்த இயுவேதான் பிற்காலத்தில் சான்யோ நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். அத்தொடக்க நாட்களில் அவர்கள் மணி பார்த்து உழைத்தவர்கள் அல்லர். அதை மறைத்துக் கூறுவது நேர்மையாகாது. தொடக்கக் காலத்தின் உழைப்பு எங்கும் கடுமையானதே.

ஆனால் அவருடைய உடல் நலிவுற்றது. நுரையீரல் நோய் இளமை முதலே அவரைத் தொடர்ந்தது. பல நாட்கள் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. எல்லாவற்றையும் தாமே கண்காணிக்க இயலாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பிறரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கப் பழகினார். 1933ஆம் ஆண்டில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனித்தனிப் பிரிவு ஏற்படுத்தி, அந்தந்தத் தலைவரிடம் முழுப் பொறுப்பையும் அளித்தார். மேலாண்மை நூலார் இன்று வியந்து பேசும் இம்முறைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் நோயுற்ற உடல் அதற்கு ஒரு காரணமன்று என்று கூற இயலாது.

இவ்வரலாற்றில் நேரத்தைப் பற்றிய மிகச் சிறந்த பகுதி 1929ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது. உலகெங்கும் பொருளாதாரம் சரிந்த காலம் அது. நிறுவனத்தின் விற்பனை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. கிடங்குகளில் சரக்கு நிறைந்து வழிந்தது. மட்சுஷிதா அப்போது நோயுற்று வீட்டில் படுத்திருந்தார். மேலாளர்கள் வந்து, தொழிலாளரில் பாதிப் பேரை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றனர். அவர் அளித்த விடை வேறு. உற்பத்தியைப் பாதியாகக் குறையுங்கள்; ஒருவரையும் நீக்க வேண்டா; தொழிற்சாலை அரை நாள் மட்டும் இயங்கட்டும்; ஊதியம் முழுமையாக அளிக்கப்படும்; எஞ்சிய நேரத்தில் எல்லோரும் சேர்ந்து தேங்கிய சரக்கை விற்கட்டும் என்பதே அவர் கருத்து. 1930 பிப்ரவரிக்குள் கிடங்கு காலியாயிற்று. தொழிற்சாலை மீண்டும் முழு நாளும் இயங்கியது.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. அவர் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை. அந்நேரம் செல்லும் திசையை மாற்றினார். செய்யும் வேலையில் நேரம் மிகுந்தும், விற்கும் வேலையில் நேரம் குறைந்தும் இருப்பதைப் படுக்கையில் கிடந்தவாறே கண்டுகொண்டார். பட்டறையில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு அது புலப்படவில்லை. இதே நிறுவனம் 1965ஆம் ஆண்டு வாரத்திற்கு ஐந்து நாள் வேலை என்னும் முறையைக் கைக்கொண்டது. சப்பானின் பெரிய நிறுவனங்களில் அது முன்னோடியாக விளங்கியது.

சப்பான் வரலாறு நமக்கு எட்டாத் தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். வந்தவாசிப் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைக்க விரும்பும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தையார் நிலத்தின் பேரில் கடன் வாங்கித் தந்திருக்கிறார். காலை ஏழு மணிக்குக் கடை திறக்கிறது. இரவு ஒன்பதுக்கு மூடுகிறது. பதினான்கு மணி நேரம், மாதம் முப்பது நாளும். ஆக 420 மணி. எல்லாச் செலவும் தவணையும் போக அவருக்கு மிஞ்சுவது 21,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு மணிக்கு 50 ரூபாய்.

இவர் ஒரு மாதம் ஒரு சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு விற்றது என்று எழுதி வந்தால் என்ன தெரியவரும்? செக்கில் மணிலாவை ஒரு முறை ஆட்டி முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமோ சற்று மிகுதியோ ஆகும். அது எந்திரம் கேட்கும் நேரம், குறைக்க முடியாது. எண்ணெய் கசடு படிந்து தெளிய வெயிலில் இருக்க வேண்டும். அதற்கு நாள் வேண்டும், ஆள் வேண்டா. வாங்குவோர் வருவது காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். நண்பகலில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். அந்நேரங்களில் அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கடை காக்கிறார். அதையும் உழைப்பு என்றே கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

இப்போது அவர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்று குறைக்கிறார். மாதம் 260 மணி. வருவாய் 18,200 ரூபாயாகக் குறைகிறது என்று கொண்டாலும், ஒரு மணிக்கு 70 ரூபாய் கிடைக்கிறது. இழந்தது 2,800 ரூபாய். மீட்டது 160 மணி நேரம். அதாவது, முன்னர் அந்த 160 மணி நேரத்தை மணிக்குப் பதினேழரை ரூபாய் வீதம் விற்றுக்கொண்டிருந்தார்! கூலிக்கு ஆள் வைத்தால் எவரும் அந்த ஊதியத்திற்கு வரமாட்டார்.

'அந்த 2,800 ரூபாய் இல்லாவிட்டால் வீட்டுச் செலவுக்குத் தட்டுமே' என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வியே. நிலம் அடகில் இருக்கும் வீட்டில் ஒவ்வொரு ரூபாயும் பெரிது. அவ்வாறாயின் அந்த நேரத்தை விட்டுவிட வேண்டா. வேறு திசையில் செலுத்தலாம். வாரத்தில் இரண்டு நண்பகல் புண்ணாக்கை மாடு வளர்க்கும் ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்கலாம். அறுவடைக் காலத்தில் விவசாயியின் களத்திற்கே சென்று மணிலாவை விலை பேசலாம். ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்து கணக்குப் பார்க்கலாம். சிறு கடைகள் பல நொடித்துப்போவது உழைப்புக் குறைவால் அன்று. கணக்குப் பார்க்கும் நேரம் எவருக்கும் வாய்க்காமையால்.

மற்றொரு கணக்கும் உண்டு. அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. கணவர் சரக்கெடுக்கச் சென்றால் கடையில் அமர்பவர் மனைவி. அவர் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் சென்றால் அமர்பவர் தாயார். அவர்தம் மணி நேரங்களையும் சேர்த்துக் கூட்டினால், மணிக்கு ஐம்பது ரூபாய் என்ற கணக்கும் பொய்யாகிவிடும். முமெனோவின் ஆடைகள் அடகுக் கடைக்குச் சென்றதை வரலாறு குறித்து வைத்தது. நம் வீடுகளில் அதனைக் குறித்து வைப்பார் இலர்.

வேலை நேரத்திற்குக் கதிரவனையே அளவுகோலாகக் கொண்ட மரபு நம்முடையது. இரவு உண்ணாமையைக் கடைப்பிடித்த வணிகர் பொழுது சாயுமுன் உணவுக்கு எழ வேண்டியிருந்தது. அதற்கேற்பவே அவர் தம் நாளை வகுத்துக்கொண்டார். சாமாயிகத்திற்கு உரிய நேரம் 48 நிமிடம். தமிழ்க் கணக்கில் இரண்டு நாழிகை. அறுபது நாழிகை கொண்ட ஒரு நாளில் முப்பதில் ஒரு பங்கு. செல்லும் திசைக்கும் துய்க்கும் பொருளுக்கும் எல்லை வகுக்கும் இல்லறத்தார் விரதங்களில், ஆசை எழும் முன்னரே அளவு குறிக்கப்படுகிறது என்பது கருதத்தக்கது. வாடிக்கையாளர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மூடும் நேரத்தை எவராலும் முடிவு செய்ய இயலாது.

முதல் ஆறு மாதம் மிகுதியாக உழைக்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் கருதினால், ஆறாம் மாதம் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எண்ணெய்க் கடைக்காரர் இரவு பத்து மணி வரை நிற்பார்; நிற்கட்டும். பொங்கலுக்குப் பின் அவர் பழைய நேரத்திற்குத் திரும்பிவிட்டாரா என்பதே வினா. வேலை நேரத்தைப் பலகையில் எழுதி, வார விடுமுறையையும் அதன் கீழே எழுதி வைத்தால், முதல் இரண்டு மாதம் சிலர் முணுமுணுப்பர். பிறகு அதற்கேற்ப வந்துவிடுவர். மருத்துவரின் நேரத்திற்கு ஏற்பக் காத்திருக்கும் மக்கள்தாம் அவர்களும்.

வங்கிக் கடனுக்கு அளிக்கும் திட்ட அறிக்கையில் எந்திரம் எத்தனை மணி இயங்கும், எத்தனை பணியாளர், மின்கட்டணம் எவ்வளவு, மூலப்பொருள் எவ்வளவு என்பதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது. தொழில் நடத்துவோரின் உழைப்பு நேரத்திற்குக் கட்டம் இருப்பதில்லை. அறிக்கையின் ஒரு படியை வீட்டில் வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு வரியை இளைஞர்கள் தம் கையாலேயே சேர்த்துக்கொள்ளலாம்: திறக்கும் நேரம், மூடும் நேரம், விடுமுறை நாள், இந்நேரம் நடைமுறைக்கு வரும் தேதி. கையொப்பம் இடுமுன் அதை வீட்டாரிடமும் படித்துக் காட்டலாம். கடையில் அமரப் போகிறவர்கள் அவர்களும் அல்லவா?