முதலில் மங்குவது புத்தி

2016 மே 21 இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றார். இலங்கையர் ஒருவர் அங்கே ஏறியது அதுவே முதல் தடவை. கூடப் போன யொஹான் பீரிஸ் ஏறத்தாழ 8,400 மீற்றரில் திரும்பிவிட்டார். 2018 இல் மறுபடி போய் உச்சியைத் தொட்டார். அவர் ஏறியதைவிட அன்றைக்குத் திரும்பியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த உச்சியில் காற்றழுத்தம் நம்முடைய முல்லைத்தீவுக் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். மூளையோ, நாம் சும்மா இருக்கும்போதே உடம்பின் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஏறும்போது தசைகளும் கேட்கும். இரத்தம் நுரையீரலை விரைந்து கடப்பதால் ஒட்சிசனை நிறைத்துக்கொள்ள அதற்கு நேரம் போதாது.

1960–61 இல் மலையேறி ஹிலரியின் குழுவினர் இமயத்தில் 5,800 மீற்றர் உயரத்தில் குடில் அமைத்துத் தங்கி இந்த ஒட்சிசன் குறைவு என்ன செய்யும் என்று ஆராய்ந்தார்கள். இந்தியரான சுகமாய் லாஹிரியும் அதில் இருந்தார். சைக்கிள் மிதித்து உடலைச் சோதித்தார்கள். சீட்டுகளை இனம் பிரித்து மூளையைச் சோதித்தார்கள். சீட்டுப் பிரிக்கும் வேகம் குறைந்துபோயிற்று.

அதைவிடப் பொல்லாதது வேறொன்று. 1875 இல் பிரான்சில் பலூனில் 8,000 மீற்றருக்கு மேல் போன மூவரில் இருவர் இறந்தார்கள். தப்பிய திசாந்தியே, மேலே பயமே தெரியவில்லை, மனம் மகிழ்ந்திருந்தது என்று எழுதினார். ஆபத்தை உணரவேண்டிய புத்தியே முதலில் மங்கிவிடுகிறது.

நம்முடைய ஊரான தண்ணீரூற்றில் மலை இல்லை, கிணறு இருக்கிறது. அதற்குள்ளும் இப்படிப் புத்தி மங்கலாம். இறைக்கிற மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால் அதன் புகையில் காபனோரொட்சைட்டு சேரும். இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். குனிந்து சேறு அள்ளுகிறவர் பலமாக மூச்சு வாங்குவதால் இன்னும் கெதியாக ஏறும். மூச்சு முட்டாது, தலை இடிக்கும், கால் தளரும். விளக்கை இறக்கிப் பார்ப்பதும் போதாது, இந்த வாயுவில் விளக்கு அணையாமல் எரியும்.

ஆகவே மெசின் மேலேயே நிற்கட்டும். இறங்குமுன்னரே அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கட்டுங்கள். மேலே இருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பதில் குழறினால், "எனக்கொன்றுமில்லை, இன்னும் இரண்டு வாளிதான்" என்று அவர் சொன்னாலும் உடனே தூக்குங்கள். அவர் விழுந்துவிட்டால் பின்னால் ஒருவரும் குதிக்க வேண்டாம். கயிற்றை இழுங்கள், 1990 க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.