வாழ்த்துமடலில் வராத அக்கா

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



நம்மவர்களிடையே மிகுதியாக எழுதப்படுவதும் மிகக் குறைவாக வாசிக்கப்படுவதுமான இலக்கிய வகை எது என்று யாராவது என்னைக் கேட்டால், தயங்காமல் வாழ்த்துமடல் என்றே சொல்வேன். ஓர் உத்தியோகத்தர் ஓய்வு பெறுகிறார். சேவைநலன் பாராட்டு விழா நடைபெறுகிறது. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்த பின்னர் ஒருவர் எழுந்து, பூவேலைக் கரை போட்ட தாளில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்ட மடலை உரத்த குரலில் வாசிக்கிறார். கைதட்டுகிறோம். படம் எடுக்கிறோம். மடல் வீட்டுச் சுவரில் ஏறுகிறது. அதன் பின்னர் அதைப் பல்லிகள்தாம் வாசிக்கின்றன.

இப்படிக் கேலி பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பரீட்சைக் கிளையில் நீண்ட காலம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். வானொலிக்கு இரண்டொரு கவிதை அனுப்பியவன் என்ற காரணத்தால், கந்தோரில் எவர் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழும். எப்படியும் நாற்பது மடல்கள் எழுதியிருப்பேன். ஆகவே இன்றைய உரையில் பாதி இலக்கிய விசாரம். மீதி ஒப்புதல் வாக்குமூலம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். பல்கலைக்கழகங்களில் விரிவுரை ஆற்றாத எங்கள் எல்லாருக்கும் வைக்கப்பட்டிருக்கும் பொதுப்பெயர் ‘கல்விசாரா ஊழியர்’. சிங்களத்திலும் இது எதிர்மறைச் சொல்தான். ஒரு மனிதனை அவன் எதைச் செய்கிறான் என்பதால் அழைக்காமல், எதைச் சாரவில்லை என்பதால் அழைக்கும் விசித்திரம் இது. மீன்காரனை ‘மரக்கறி விற்காதவன்’ என்று நாம் கூப்பிடுவதில்லை. எங்களுக்கு மட்டும் அப்படி ஒரு பெயர். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தக் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு மாதங்களுக்கு மேலாகக் கடமைக்குத் திரும்பாதிருந்தபோதுதான், கல்வி எந்த அளவுக்கு இவர்களைச் சார்ந்திருக்கிறது என்பதைப் பலர் உணர்ந்தார்கள்.

இலக்கியத்திலும் இதே கதைதான். வளாகத்தைப் பின்னணியாகக் கொண்ட நம் கதைகளில் மாணவர் வருவர், காதல் வரும், பகிடிவதை வரும், பேராசிரியர் வருவார், மகாவலி கங்கையும் தவறாமல் ஓடும். கந்தோர் யன்னலுக்குப் பின்னால் இருப்பவர் வருவதாயின், ‘நாளைக்கு வாரும்’ என்று சொல்வதற்காக மட்டுமே வருவார். இத்தனைக்கும் நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் கந்தோர் மேசைகளிலிருந்து வந்தவர்கள்! கவிஞர் இ. முருகையன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நிருவாகப் பதவியில் இருந்தவர். மகாகவி உருத்திரமூர்த்தி வாழ்நாள் முழுவதும் அரசாங்க உத்தியோகத்தர். கந்தோரில் இருந்துகொண்டு உலகத்தையெல்லாம் எழுதினோம். பக்கத்து மேசையைத்தான் எழுதவில்லை.

அந்தப் பக்கத்து மேசையில் என்னதான் நடக்கிறது? 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி ஆவணங்களுக்கும் ஆதனங்களுக்கும் பொறுப்பாளர் பதிவாளர். சட்டத்தில் அப்படி. நடைமுறையில் அந்தப் பொறுப்பு படிப்படியாகக் கீழே இறங்கி, பதிவேட்டறையின் திறப்புக் கோர்வையாக யாரோ ஒரு சிற்றூழியரின் மடியில் வந்து நிற்கும். பரீட்சைக் கிளையிலோ அது பெயர்களாக வந்து நின்றது. ஆம், பெயர்கள். புள்ளிகளைப் போடுபவர்கள் பரீட்சகர்கள். அந்தப் புள்ளி யாருக்கு உரியது என்பதைப் பிழையில்லாமல் எழுதுவது எங்கள் தொழில்.

இது இலேசான வேலை என்று நினைக்கிறீர்களா? நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால் வரும். படிவத்திலோ குடும்பப் பெயருக்கென்று ஒரு கூடு இருக்கும். பிள்ளை அதில் தகப்பன் பெயரை எழுதும். அடுத்த படிவத்தில் தன் பெயரை எழுதும். நான்காம் வருடம் வரும்போது, பட்டம் பெறப்போவது மகளா தகப்பனா என்று நாங்கள் மண்டையைப் போட்டு உடைப்போம். சிங்களப் பிள்ளைகளுக்கு ‘கே’ என்று முடியும் நீண்ட வாசகமப் பெயர். தலைப்பெழுத்துகளே அரை வரி போகும். முஸ்லிம் பிள்ளைகளில் ஒரே பீடத்தில் ஒரே பெயருடையவர்கள் மூன்று நான்கு பேர். பதிவிலக்கம் ஒன்றுதான் துணை. தோட்டத்துப் பிள்ளைகளின் நிலைமை எல்லாவற்றையும் விடச் சிக்கலானது. தாய் சொன்ன தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதிய பிறப்புச் சான்றிதழ் ஒன்று, பாடசாலையில் ஆசிரியர் எழுதிய பெயர் ஒன்று, பரீட்சைத் திணைக்களத்தில் ஆங்கிலத்தில் பதிந்த பெயர் இன்னொன்று. மூன்றும் ஒரே ஆளா என்று நியமனம் கொடுக்கிறவன் கேட்பான்.

இந்தப் பெயர்களையெல்லாம் தட்டெழுதியவர் எனக்கு எதிர் மேசையில் இருந்த ஒரு சிங்கள அம்மையார். என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மல்லி என்பார். அக்கா என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது என்பது எவ்வளவு வசதி! அவருக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம். சுற்றுநிருபம் வாசிக்கக் காணும், சண்டை பிடிக்கக் காணாது.

எங்கள் கிளையில் பன்னிரண்டு பேர். மாதாமாதம் சீட்டு, மரண உதவிச் சங்கம், சித்திரை வருடப் பிறப்பு முடிந்து வந்தால் மேசைக்கு மேசை கொக்கிஸும் பயற்றம் பணியாரமும், நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம். சண்டைகளும் உண்டு. மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்பதில் இரண்டு பேர் ஆறு மாதம் பேசாதிருந்தார்கள். 1983 ஆடிக் கலவரத்திற்குப் பின் சில கிழமைகள் கழித்து நான் கடமைக்குத் திரும்பிய அன்று ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் மேசையில் தூசில்லை. கோவைகள் இலக்க ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தன. அடுக்கியது யார் என்று நானும் கேட்கவில்லை.

இனி அந்த வாக்குமூலம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டமளிப்பு விழாவுக்கான பெயர்ப்பட்டியல் அக்காவின் மேசையில் இருந்தது. ஒரு நாள் தோட்டத்து மாணவி ஒருத்தி யன்னலடியில் நின்றிருக்க, விறாந்தைக் கோடியிலிருந்து அவளுடைய தோழி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா தட்டெழுத்துப் பொறியிலிருந்து தலையை நிமிர்த்தினார். கோவையை எடுத்துப் பிறப்புச் சான்றிதழில் இருந்த சிங்களப் பெயரை வாய்விட்டு வாசித்தார். “மல்லி, அந்தப் பிள்ளை கூப்பிட்ட சத்தம் இதில்லையே” என்றார். பார்த்தேன். நடுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. தமிழ் எழுத்துத் தெரிந்த நான் அந்தக் கோவையை மூன்று தடவை சரிபார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். தமிழ் தெரியாத அவர் காதால் பிடித்துவிட்டார்.

மாணவியை உள்ளே அழைத்தோம். சத்தியக் கடதாசி முடித்து, கச்சேரியில் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொண்டு வரும்படி அக்கா தம் சிங்களத்திலும் கையசைவிலும் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். அதற்கு மூன்று கிழமை சென்றது. அந்த மூன்று கிழமையும் பட்டியலின் அந்தத் தாளை அக்கா தட்டெழுதாமல் தம் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். மேலதிகாரி ஒருவர் வந்து எல்லார் முன்னிலையிலும் அவரை ஏசினார். சோம்பேறி என்றார், வயது போனவர்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். அக்கா காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால், சரிபார்த்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். எதிர் மேசையில் நான் இருந்தேன். குனிந்து ஏதோ ஒரு கோவையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அது எந்தக் கோவை என்று இன்று நினைவில்லை. புரட்டியது நினைவிருக்கிறது.

மாணவி திருத்திய பத்திரத்துடன் வந்தாள். பெயர் சரியாகப் போயிற்று.

1997இல் அக்கா ஓய்வு பெற்றார். ஆளுக்கு நூறு ரூபா சேர்த்தோம். மடலை நானே எழுதினேன். நான்கு விருத்தங்கள். பொறுமையில் பூமி, குளிர்மையில் மதி, அறத்தின் வடிவம், கடமையின் சிகரம். இப்படி எதுகையும் மோனையும் ஒன்றுக்கொன்று குறைவில்லை. சபையில் ராகத்தோடு வாசித்தேன். தமிழ் தெரிந்தவர்கள் தலையாட்டினார்கள். விழா முடிந்து தேநீர் அருந்தும்போது அக்கா சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, “மல்லி, இதில் என்ன எழுதியிருக்கிறாய்? ஒவ்வொரு வரியாகச் சொல்லு” என்றார்.

சொல்லத் தொடங்கினேன். பூமி என்றேன். சந்திரன் என்றேன். சிகரம் என்பதற்குச் சிங்களச் சொல் வரவில்லை. மலையின் மேற்பக்கம் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். தட்டெழுத வந்த ஒரு பட்டியலைப் பார்ப்பதுபோல மடலைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு, “ஏ கவுத மல்லி?” என்றார். ‘அது யார் தம்பி?’ என்று அர்த்தம்.

கேலியாகக் கேட்கவில்லை, நேயர்களே. உண்மையாகவே கேட்டார். பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்ப்பதே அவர் தொழில் அல்லவா?

மொழிபெயர்ப்பைப் போல ஒரு கடுமையான விமர்சகர் இல்லை. ஓசையைக் கழற்றிவிட்டால் என் நான்கு விருத்தங்களிலும் அக்காவைப் பற்றி ஒரு செய்திகூட இல்லை. பெயரை மாற்றினால் மின்விசிறிக்குச் சண்டை பிடித்தவருக்கும் பொருந்தும். அவரை ஏசிய அதிகாரிக்கும் பொருந்தும். உண்மையைச் சொன்னால், அந்த அதிகாரிக்கு முந்திய வருடம் எழுதியதிலிருந்து இரண்டு அடிகளை அப்படியே எடுத்திருந்தேன்.

நம் பழைய புலவர்கள் இந்தத் தவற்றைச் செய்யவில்லை என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது. பாடாண் என்று ஒரு திணையையே வகுத்த மொழி நம்முடையது. ஆனால் பாரி என்றவுடன் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கொடையாளி என்ற பட்டமா? இல்லை, முல்லைக் கொடிக்கு நிறுத்திவிட்டு வந்த தேர். பேகன் என்றால் மயிலுக்குப் போர்த்திய போர்வை. அதியமான் என்றால் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. புகழ்மொழிகள் உதிர்ந்துபோக, தேரும் போர்வையும் நெல்லிக்கனியும் இரண்டாயிரம் வருடமாக நிற்கின்றன. பரிசில் வேண்டிப் பாடியவர்கள் அவர்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும், பாடப்பட்டவன் என்ன செய்தான் என்பதையாவது பார்த்து வைத்திருந்தார்கள். நான் எதிர் மேசையில் அத்தனை வருடம் இருந்தும் பொன்னாடைக்கு ஏற்ற சொற்களைத்தான் தேடினேன். லாச்சிக்குள் மூன்று கிழமை கிடந்த அந்தத் தாள் விருத்தத்துக்குள் அடங்காது என்று நினைத்தேன் என்று சொல்லித் தப்பலாம். அது பொய். அதை எழுதினால் என்னையும் சேர்த்து எழுத வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த வருடம் புத்தாண்டுக்கு அக்காவின் வீட்டுக்குப் போனேன். கம்பளைப் பக்கம், முற்றத்தில் அன்னமுன்னா மரம். மடல் முன்விறாந்தையில், புத்தர் படத்துக்குச் சற்றுத் தள்ளித் தொங்கியது. பாற்சோறு சாப்பிட்டபின் அந்த மாணவியின் கதையை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தாள், லாச்சி, ஏச்சு, நான் புரட்டிய கோவை எல்லாம் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். “மூன்று கிழமை இல்லை, நான்கு” என்றார். சற்றுப் பொறுத்து, “நீ பயந்துபோய் இருந்தாய். எனக்குத் தெரியும்” என்றார்.

பிறகு பேரனைக் கூப்பிட்டுச் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றுவித்தார். பின்பக்க மட்டையில் அந்தக் கதையைச் சிங்களத்தில் எழுதித் தரச் சொன்னார். பேனாவால் எழுதினேன், பத்துப் பன்னிரண்டு வரி வந்திருக்கும். நகர ணகரத் தொல்லை சிங்களத்திலும் உண்டு. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து, இரண்டு எழுத்துப் பிழைகளை வட்டமிட்டு, என்னிடமே பேனாவைத் தந்து திருத்தச் சொன்னார்.