களிமண்ணும் கண்ணிய வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

படித்த வாலிபர் ஒருவர் மண்பாண்டம் வனைந்து இக்காலத்தில் மானத்துடன் சீவிக்க முடியுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இப்பொருளை அறிவித்தபோது நண்பர் சிலர் சிரித்தனர். சட்டி பானை செய்யவா சர்வகலாசாலைக்குப் போகிறீர்கள் என்று பெரியவர் ஒருவரும் கேட்டார். அச்சிரிப்புக்கும் அக்கேள்விக்கும் விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

நமது நிலைமையை முதலில் நோக்குவோம். போர் ஓய்ந்தது 2009 ஆம் ஆண்டில். ஏ-9 வீதி திருத்தப்பட்டது. 2013 இல் புகைவண்டியும் புளியங்குளத்தைக் கடந்து கிளிநொச்சிக்கு ஓடத் தொடங்கியது. ஆனால் அந்த வண்டியில் ஏறிப் போகின்றவர்களே நம் வாலிபரிற் பலர். பட்டம் பெற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர். 2017 இல் வடமாகாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் தெருவோரத்தில் அமர்ந்து போராடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உத்தியோகம், அது கிடையாவிடில் வெளிநாடு: இந்த இரண்டு வாயில்களைத் தவிர மூன்றாவது வாயில் ஒன்று நம் கண்ணுக்குத் தென்படுவதில்லை. கைத்தொழில் என்ற அந்த வாயில் எப்போதும் திறந்தே கிடக்கிறது. அதன் வழியே நுழைய நமக்கு வெட்கம்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? நம் சமயம் தந்ததன்று. திருத்தொண்டர் அறுபத்து மூவருள் ஒருவராகிய திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த குயவர். அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுப்பதே அவர் செய்த தொண்டு. சிவபெருமான் யோகியார் வடிவில் வந்து அவரிடம் ஓர் ஓட்டை ஒப்படைத்து, பின்னர் அதனை மறையச் செய்து, திருப்பித் தரும்படி கேட்ட வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்று நாயனார் மன்றாடியும் யோகியார் இசையவில்லை. பொன்னால் செய்து தந்தாலும் வேண்டேன், நான் தந்த அந்த மண்ணோடே வேண்டும் என்றார். கைத்தொழிலின் உண்மை இதிலே அடங்கியிருக்கிறதென்று நாம் நினைக்கிறோம். யந்திரம் செய்த கோப்பைகளில் ஒன்று உடைந்தால் அதே அச்சில் வார்த்த இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் கையால் வனைந்த கலத்துக்கு ஈடாக இன்னொரு கலம் இல்லை.

பாதிரிமார் நடத்திய பாடசாலையில் படித்தவர்கள் நாம். அங்கேயும் குயவன் ஒருவனின் கதையைக் கேட்டோம். எரேமியா என்னும் தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குச் சென்று, கெட்டுப்போன மண்ணைக் குயவன் மீண்டும் பிசைந்து வேறொரு கலமாக வனைவதைக் கண்டாராம். இரு சமயங்களிலும் குயவருக்கு இத்தனை உயர்ந்த இடம் இருக்க, நம் ஊர்ப் பேச்சில் மட்டும் ஏன் இழிந்த இடம்? தைப்பொங்கலன்று புதுப்பானை வேண்டும். திருக்கார்த்திகைக்கு மண் விளக்கு வேண்டும். நவராத்திரிக்குக் கும்பம் வேண்டும். கடைசியிற் சுடலைக்குப் போகும்போதும் ஒரு குடம் வேண்டும். குடத்தை வரவேற்கும் வாசலில் அதை வனைந்தவருக்கு நாற்காலி கிடைப்பதில்லை. அவர் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு ஓடியது எதனால் என்று நாம் வேறெங்கும் போய் ஆராயத் தேவையில்லை.

இத்தொழில் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1980 இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது கறுப்பும் சிவப்புமான பண்டைய மட்கலங்கள் வெளிப்பட்டன. நமது வன்னிப் பெருநிலத்தைச் சேர்ந்த பூநகரியிலும் அவ்வகை ஓடுகள் கிடைத்துள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இம்மண்ணைச் சுட்டவர்கள் நம் முன்னோர்.

இனி, உலகில் இக்காலத்தவர் இத்தொழிலை எப்படி நடத்தினர் என்று பார்ப்போம். தொழிற்சாலையிற் கூலிக்கு நில்லாமல், தம் சொந்தப் பட்டறையில், மண் பிசைவது முதல் சூளை பிரிப்பது வரை தாமே செய்து வாழ்பவரை ஆங்கிலத்தில் 'ஸ்டூடியோ பொட்டர்' என்பர். இவ்வழியை வகுத்தவர்களுள் முதன்மையானவர் பேர்னாட் லீச் என்ற ஆங்கிலேயர். அவர் 1887 இல் ஹொங்கொங்கிற் பிறந்து, யப்பானில் மட்பாண்டக் கலை பயின்று, 1920 இல் யப்பானியராகிய சோஜி ஹமாடாவுடன் இங்கிலாந்தின் செயின்ற் ஐவ்ஸ் என்ற மீன்பிடி ஊரிற் பட்டறை தொடங்கினார். புகழ் வந்தது, பணம் வரவில்லை. சூளையில் வைத்தவற்றுட் பெரும்பகுதி பழுதாகி வெளிவந்த காலமும் உண்டு.

அப்பட்டறை எப்படித் தப்பியது? லீச்சின் மகன் டேவிட், தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து மண்ணின் இயல்பையும் சூளையின் கணக்கையும் முறைப்படி கற்றார். கலைக்குத் தொழிற்சாலைக் கல்வி பகை என்று கருதிய தந்தைக்கு அது பிடிக்கவில்லை. எனினும் மகன் திரும்பி வந்து சூளையைத் திருத்தினார். ஊர்ப் பையன்களைச் சேர்த்துப் பழக்கினார். அன்றாடம் உண்ணவும் குடிக்கவும் பயன்படும் கிண்ணம், கோப்பை, சாடி ஆகியவற்றை ஒரே அளவில், விலைப்பட்டியலுடன் செய்து விற்றனர். பட்டறையைத் தாங்கியது அந்தச் சாதாரணக் கோப்பையே. காட்சிச்சாலைக்குப் போகும் அபூர்வ கலம் அதன் தோளில் ஏறி நின்றது. லீச் 1940 இல் எழுதிய கைந்நூல் பின்னர் பல நாட்டுக் குயவர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

லீச்சின் மாணாக்கர் மைக்கல் கார்டியூ நைஜீரியா தேசத்து அபுஜாவில் 1950களின் தொடக்கத்தில் ஒரு பயிற்சி நிலையம் அமைத்தார். அங்கே 1954 இற் சேர்ந்தவர் லாடி குவாலி என்ற கிராமத்துப் பெண். தண்ணீர்க் குடங்களைச் சக்கரமின்றிக் கையால் வனையும் வித்தையைத் தம் அத்தையிடம் கற்றவர் அவர். அந்தக் குலவித்தையைக் கைவிடாமல், அதன்மேல் புதிய பூச்சையும் புதிய சூளையையும் ஏற்றுக்கொண்டார். 1977 இல் அந்நாட்டுச் சர்வகலாசாலை ஒன்று அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் அவர் உருவம் அச்சிடப்பட்டிருக்கிறது. குடம் வனைந்த பெண்ணைத் தன் நாணயத் தாளில் வைத்த நாட்டையும் நம் நாட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நமக்கு மிக அண்மையில் உள்ள உதாரணம் புதுச்சேரி. யப்பானின் பிசென் ஊரில் மட்பாண்டம் பயின்ற டெபொறா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண்மணியும், கலிபோர்னியாவிற் படித்த றே மீக்கர் என்பவரும் 1971 இல் அரவிந்த ஆச்சிரமத்தின் ஆதரவுடன் 'கோல்டன் பிரிட்ஜ்' என்ற பட்டறையை அங்கே நிறுவினர். சவுக்கு விறகால் சூளை எரித்து, கல்போல இறுகும் பாண்டங்களைச் செய்தனர். சுற்றூர் மக்கள் பலர் அங்கே வேலை பழகினர். 1980களில் மீக்கர் மாணாக்கரை ஏற்கத் தொடங்கினார். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வந்து பயின்றவர்கள் தத்தம் ஊர்களிற் பட்டறைகள் அமைத்தனர். மண்ணால் வீடு கட்டி, அவ்வீட்டையே சூளையாக்கிச் சுட்டெடுக்கும் சோதனையையும் அவர் நடத்தினார். இன்று புதுச்சேரியிலும் அயலிலும் மட்பாண்டப் பட்டறைகள் பல உள்ளன. இத்தனையும் தங்கச் சுரங்கத்தின் மேல் எழுந்தவை அல்ல. மண், விறகு, பொறுமை ஆகிய மூன்றே மூலதனம்.

இந்த உதாரணங்களைச் சொல்லி உங்களை மயக்குவது எமது நோக்கமன்று. ஆகையால் கஷ்டங்களையும் கூறவேண்டும். சக்கரத்தின் நடுவில் மண்ணை நிலைநிறுத்தப் பழகவே வாரங்கள் ஆகும். விற்கத் தகுந்த கோப்பை வனைய ஆண்டுகள் ஆகலாம். ஈரமண் காய்ந்து சுடும்போது பத்தில் ஒரு பங்களவு சுருங்கும். காயாத கலத்தை அவசரப்பட்டுச் சுட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்கச் செய்யும். நூறு கோப்பை உள்ளே போனால் நூறும் நல்லபடி வெளிவரா. காய்ந்த மண்ணின் நுண்தூசி நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும். ஆதலால் பட்டறையைத் தும்புத்தடியாற் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். ஈயம் கலந்த பூச்சை உணவுக் கலத்திற் பூசவே கூடாது. ஆரம்ப ஆண்டுகளில் வயலோ, மாடோ, ரியூசன் வகுப்போ ஏதேனும் ஒன்று சோறு போடவேண்டியிருக்கும். இதையெல்லாம் அறிந்துகொண்டே இறங்கவேண்டும்.

இனி நம் கையில் இருப்பவற்றைக் கணக்கிடுவோம். வன்னி குளங்களின் நாடு. குளத்து மண்ணிலே களி உண்டு. முருங்கன் களிமண் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கே மூலப்பொருளாகப் போனது. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று இயங்கி, போர்க்காலத்தில் நின்றுபோனது. மண் தகுந்தது என்பதற்கு இவை சான்று. சாதாரண பானை 900 பாகைக்குள் வெந்துவிடும். அதன் நுண்துளைகளால் நீர் கசிந்து ஆவியாவதாலேயே பானைத் தண்ணீர் குளிர்கிறது. கல்போல் இறுகும் பாண்டத்துக்கு 1250 முதல் 1300 பாகை வரை வெப்பமும், அதைத் தாங்கும் மண்ணும் வேண்டும். நம் களியோடு மீற்றியாகொடையின் வெண்களியையும் மாத்தளைப் பகுதியின் பெல்ஸ்பார்க் கல்லையும் கலந்து பரீட்சிக்கலாம். பூச்சுக்கோ, நெல் ஆலைகளில் வீணே குவியும் உமி இருக்கிறது. உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. கண்ணாடிக்கு உயிரான பொருள் அதுவே. யப்பானியர் வைக்கோல், உமிச் சாம்பலிலிருந்து பால்போன்ற வெண்பூச்சு ஆக்குகின்றனர். நெல் விளையும் வன்னியில் நமக்கு அது ஏன் இயலாது?

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். குளத்தை நாசமாக்கி மண் எடுக்கலாகாது. உரிய திணைக்களங்களின் அனுமதி பெற்று, கமக்காரருடன் கலந்து பேசி, அணைக்கட்டுக்குத் தூரத்தில் அளவாக எடுக்கவேண்டும். காட்டை வெட்டிச் சூளை மூட்டுவதும் கூடாது. உமியும், பனங்கழிவும், நட்டு வளர்த்த விறகும் போதும்.

வாங்குபவர் யார் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணம் போகும் பிரயாணிகள் பலர் நம் சந்தியைக் கடந்தே போகின்றனர். விடுமுறைக்கு ஊர் வரும் நம் உறவினர், பிறந்த மண்ணிலிருந்து கொண்டு போவதற்கு ஒரு பொருள் தேடுகின்றனர். 2022 இல் எரிவாயு கிடையாமல் நம் வீடுகளில் மீண்டும் விறகடுப்பு எரிந்தது. பரணிலிருந்த மண்சட்டியும் இறங்கி வந்தது. இறக்குமதி நின்றால் என்ன நேரும் என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

கடைசியாக, எம் மனதை உறுத்தும் விடயம் ஒன்றைச் சொல்லவேண்டும். நாளைக்கு நம்மில் ஒருவர் இத்தொழிலைத் தொடங்கினால் பத்திரிகைகள் அவரைக் 'கலைஞர்' என்று எழுதும். அதே மண்ணைத் தலைமுறையாகப் பிசைந்த முதியவரை ஊர் பழைய பெயராலேயே அழைக்கும். அவர் பானைக்குப் பேரம் பேசுவோம். கலைஞர் கோப்பைக்குக் கேட்ட விலை கொடுப்போம். இப்படி நடக்குமாயின் நாம் தொழிலை உயர்த்தியவர்கள் ஆகமாட்டோம். ஏழை ஒருவரின் வித்தையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டவர்களே ஆவோம். ஆகவே முதற் பாடத்தை அந்த முதியவரிடமே, 'ஐயா' என்று அழைத்து, அவர் காலடியில் இருந்து கற்கவேண்டும். சக்கரத்தைத் தட்டிச் சுழற்றும் அவர் கைக்குத் தெரிந்தது எந்தக் கைந்நூலிலும் இல்லை.

எனவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: வரும் தைப்பொங்கலுக்கும் திருக்கார்த்திகைக்கும் நம் ஆலயத்துக்கு வேண்டிய பானைகளையும் விளக்குகளையும் வன்னிக் குயவர்களிடமே, பேரம் பேசாமல், முன்பணம் கொடுத்து வாங்குவோம். இரண்டு: சங்க மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் ஒரு சக்கரம் நாட்டி, அனுபவமிக்க குயவர் ஒருவரை ஆசானாக அழைத்து, வேதனம் கொடுத்து, சனிக்கிழமைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து பழக வழி செய்வோம். மூன்று: அடுத்த ஆண்டு விழாவில் மேடையில் மாலையிட்டுக் கௌரவிக்கப்படும் பெரியோருள் அந்த ஆசானும் ஒருவராக இருக்கட்டும்.

பெரியோர்களே, இவ்வாலிபரில் எத்தனை பேர் குயவராவார்களோ, நாம் அறியோம். ஒருவர் ஆனாலும் போதும். அவர் புகைவண்டியில் ஏறிப் போகாமல், இந்த மண்ணில் இருந்து, இந்த மண்ணாலேயே சீவிப்பார். அவருக்குப் பெண் கொடுக்கத் தயங்காதீர்கள் என்ற ஒரு விண்ணப்பத்துடன் எம் உரையை முடித்துக்கொள்கிறோம்.