ஆயில் சூடும் ஆகாய விமானமும்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில், டீசல் எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்துக்குப் போய்வரும் கடற்படை விமானங்களை நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள். போன மாதம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் கேட்டான்: "தாத்தா, கார் எஞ்சினை வைத்து வீட்டிலேயே விமானம் செய்ய முடியுமா?"

சிரித்துத் தள்ளிவிடும் கேள்வி அல்ல அது. விமானி அமோல் யாதவ், மும்பையில் தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஒரு விமானத்தைக் கட்டினார். 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதைப் பார்வைக்கு வைத்தார்கள். 2017-இல் பதிவும் கிடைத்தது.  அமெரிக்காவில் சிலர், தாங்கள் கட்டிய சிறு விமானங்களில் மாஸ்டா காரின் ரோட்டரி எஞ்சினை வைத்துப் பறந்திருக்கிறார்கள்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ரோட்டரியில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. இடுப்பு சிறுத்த ஒரு கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. இதை உருவாக்கியவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல். மாஸ்டா 1967-இல் காஸ்மோ காரில் இதைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் உண்டு. 'நிஷாந்த்' என்ற ஆளில்லா விமானம், நாமே தயாரித்த சுமார் 30 கிலோ எடையுள்ள வாங்கெல் எஞ்சினோடு 2009 மார்ச்சில் கோலார் அருகே பறந்தது.

எடை குறைவு, அதிர்வு குறைவு என்பதால்தான் விமானம் கட்டுகிறவர்கள் இதை விரும்புகிறார்கள். அவர்களுக்குத் தலைவலி கொடுப்பது ஆயில்.

கூட்டின் சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓடும். உள்ளே சுழலும் ரோட்டருக்குத் தண்ணீர் போக முடியாது. அதனால் மாஸ்டா எஞ்சினில், தண்டிலிருந்து ஆயிலைப் பீய்ச்சி ரோட்டரின் வயிற்றைக் குளிர்விக்கிறார்கள். குளிர்விக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆயிலின் தலையில்தான். அந்த ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் நீர்த்துப்போகும். பேரிங்குகள் தேயும். ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிப்போகும். இத்தனையும் நடக்கும்போது தண்ணீரின் வெப்பமானி "எல்லாம் நலம்" என்றுகூடக் காட்டலாம். ஆகவே ஆயிலுக்குத் தனி வெப்பமானி கட்டாயம்.

ஆயிலைக் குளிர்விப்பதும் எளிதல்ல. ஒரே எடையில், தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் பாதியளவைத்தான் ஆயில் சுமக்கும். கெட்டியாக இருப்பதால், குழாயின் சுவரை ஒட்டிய ஆயில் குளிர்ந்து அங்கேயே மந்தமாக நிற்க, நடுவில் ஓடுவது சூடாகவே போய்விடும். அதனால் பெரிய கூலரும் நிறையக் காற்றும் வேண்டும்.

எப்போது சோதனை? நம் மலைப்பாதையில் கார் முதல் கியரில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். எஞ்சினுக்கு முழுப் பளு. முகத்தில் அடிக்கும் காற்றோ கொஞ்சம். விமானம் மேலேறும்போதும் இதே நிலைதான். சமவெளியில் ஓடும் காருக்குப் போதுமான கூலர் அங்கே போதாது.

பெரிய கூலரை மாட்டியும் சூடு தணியாமல் தவித்தவர்கள் உண்டு. காரணம், காற்றின் வழி. கூலருக்குப் போகும் குழல் மெல்ல மெல்ல அகல வேண்டும்; அப்போதுதான் காற்றின் வேகம் குறைந்து அழுத்தம் கூடும். ஓரங்களில் இடைவெளி இருந்தால் காற்று கூலருக்குள் புகாமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூடான காற்று வெளியேறத் தாராளமான வழி வேண்டும். போக வழியில்லாத இடத்துக்குக் காற்று வராது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நவம்பரில் மின்வெட்டின்போது நம் ஜெனரேட்டர் பத்தே நிமிடத்தில் நின்றதும், மூன்றாம் மாடிப் பாட்டியம்மா லிஃப்ட்டில் இருட்டில் மாட்டிக்கொண்டதும் நினைவிருக்கும். எஞ்சினில் பழுதில்லை. வெப்பக்காற்று வெளியேறும் பக்கத்தை அடைத்து, பழைய பீரோவும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கியிருந்தோம். அதே காற்று சுற்றிச்சுற்றி வந்ததில் சூடு ஏறி, எஞ்சின் தானாக நின்றது. அந்தப் பெட்டிகளில் இரண்டு என்னுடையவை. நாற்பது ஆண்டு எஞ்சினோடு வாழ்ந்தவன் செய்த தவறு அது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நம் எஞ்சின் தரையில் நின்றது, ஆளை இறக்கிவிட்டோம். வானத்தில் அப்படி நிற்க முடியாது. விமானம் கட்டுகிறவர்கள் காற்றின் வழிக்காக மாதக்கணக்கில் மெனக்கெடுவது அதனால்தான்.

கோடை வருகிறது. மூன்றே வேண்டுகோள்: ஜெனரேட்டரைச் சுற்றி எதையும் வைக்காதீர்கள். ஆயிலை உரிய நேரத்தில் மாற்ற ஆகும் செலவுக்குத் தயங்காதீர்கள். மாதம் ஒருமுறை பளுவோடு ஓட்டி, வெப்பமானியைப் பார்த்து எழுதி வையுங்கள். எழுதும் வேலையை அந்தப் பையனிடமே கொடுத்திருக்கிறேன். விமானம் கட்ட நினைக்கிறவன் இங்கிருந்து தொடங்கட்டும்.