கியர்பாக்ஸா, இன்ஜினா?

என் டீசல் ஆட்டோமேட்டிக் கார் நம்ம பேஸ்மென்ட் ரேம்ப் ஏறத் திணறியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக் எடுத்த எடுப்பிலேயே, "கியர்பாக்ஸையே மாத்தணும் சார்" என்றார். நல்லவேளை, நான் தலையாட்டவில்லை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் எகிறுகிறது, வேகம் மட்டும் கூடவில்லையா? கியர்பாக்ஸ் வழுக்குகிறது. அப்போதும் முதலில் கியர் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைந்தாலே வழுக்கும். ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால்தான் பெரிய செலவு.

முள்ளே மந்தமாக ஏறினால் சந்தேகம் இன்ஜின் பக்கம்: டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ். எனக்குக் கரும்புகையும் வந்தது. கடைசியில் ஹோஸ்தான் கிழிந்திருந்தது!

இன்னொன்று, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்வரை பேட்டரியைக் கழற்ற விடாதீர்கள். பதிவான எரர் கோடுகள் அழிந்துவிடலாம்.