சணலும் செலாவணியும்: 1949 தரும் பாடம்

(கொல்கத்தாவில் வாழும் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

தோழர்களே,

நாணய மாற்று விகிதம் என்றதும், அது வங்கி அதிகாரிகளும் ஏற்றுமதியாளர்களும் பேசிக்கொள்ள வேண்டிய செய்தி என்று பலரும் ஒதுங்கிவிடுகின்றனர். ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் சணல் ஆலைகளில் உழைத்தவர்களால் அவ்வாறு ஒதுங்க இயலவில்லை. 1949ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களது வேலையையும் கூலியையும் ஓர் எண் அலைக்கழித்தது. அந்த எண் 144. நூறு பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்ற இந்த விகிதம் எவ்வாறு பிறந்தது, யாருக்குப் பயன்பட்டது, யார் தலையில் விடிந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

1947இல் வங்கம் துண்டாடப்பட்டபோது, ஒரே தொழிலும் இரண்டாக வெட்டப்பட்டது. கச்சாச் சணலில் ஏறத்தாழ முக்கால் பங்கை விளைவித்த மாவட்டங்கள் கிழக்கு வங்கத்திற்குச் சென்றன. நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளோ டிட்டாகர், நைஹாத்தி, பாட்பாரா, ஜகத்தள், ரிஷ்ரா என இக்கரையிலேயே நின்றுவிட்டன. பயிர் ஒரு நாட்டில். தறி மறு நாட்டில். ஆயினும் சரக்கு எல்லை கடந்து வந்தது. 1948 ஜூன் முடிய இந்திய ரிசர்வ் வங்கியே பாகிஸ்தானுக்கும் மைய வங்கியாக இருந்தது. ஜூலை 1 அன்று பாகிஸ்தான் தனது மைய வங்கியைத் தொடங்கிய பின்னரும், ரூபாய்க்கு ரூபாய் என்ற சமநிலை நீடித்தது.

இந்தச் சமநிலை முறிந்ததற்கான தொடக்கம் டெல்லியிலும் இல்லை, கராச்சியிலும் இல்லை, லண்டனில் இருந்தது. 1949 செப்டம்பர் 18 அன்று பிரிட்டன் தனது பவுனின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. பவுனுடன் பிணைக்கப்பட்டிருந்த இந்திய ரூபாயும் அதே அளவில், அதாவது 30.5 விழுக்காடு, குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3.31 ரூபாய் என்றிருந்தது 4.76 ரூபாயாயிற்று. பாகிஸ்தான் தனது ரூபாயைக் குறைக்க மறுத்தது. 144 என்ற எண் பிறந்த கதை இதுதான்.

தனது நாணயத்தின் மதிப்பைத் தானே தீர்மானிக்கும் உரிமை பாகிஸ்தானுக்கு இருந்தது. இந்திய அரசு அந்த விகிதத்தை ஏற்க மறுத்தது. இரு நாடுகளுக்கிடையேயான வணிகம் ஏறத்தாழ உறைந்துபோனது. சணல் வரவில்லை. டிசம்பரில் இந்தியா பாகிஸ்தானுக்கு நிலக்கரி அனுப்புவதையும் நிறுத்தியது. அன்று இந்தியாவிற்கு டாலர் ஈட்டித் தந்த தொழில்களில் முதன்மையானது சணல். அந்த ஆலைகளிலேயே வேலை நேரம் சுருக்கப்பட்டது. தறிகளில் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. வணிகம் முடங்கிய அதே குளிர்காலத்தில் இரு வங்கங்களிலும் வகுப்புவாத வன்முறை மூண்டு, இலட்சக்கணக்கான மக்கள் அகதிகளாயினர். 1950 ஏப்ரல் 8 அன்று நேரு–லியாகத் ஒப்பந்தம் கையெழுத்தானது.

எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது? கணக்கைப் பாருங்கள். கிழக்கு வங்கத்தின் சணல் வெளிநாட்டில் 100 டாலருக்கு விற்றால் கிடைத்தது 331 ரூபாய். மதிப்பைக் குறைத்திருந்தால் 476 ரூபாய் கிடைத்திருக்கும். டாலர் விலை மாறாதவரை, அந்த 145 ரூபாய் வேறுபாடு விளைவித்தவரின் தரப்பில் ஏற்பட்ட இழப்பு. அதே வேளையில், இறக்குமதி உரிமம் பெற்ற தொழிலதிபருக்கு 100 டாலர் பெறுமானமுள்ள இயந்திரம் 331 ரூபாய்க்கே கிடைத்தது. அந்த உரிமங்களில் பெரும்பகுதி மேற்குப் பாகிஸ்தானில் குவிந்தது. நாணயத்தின் பெருமை என்று முழங்கப்பட்டது, உண்மையில் உழவரிடமிருந்து முதலாளிக்குச் செல்வத்தைக் கடத்தும் வாய்க்காலாகவே இருந்தது. 1966இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் முன்வைத்த ஆறு அம்சக் கோரிக்கைகளில் மூன்றாவது நாணயத்தைப் பற்றியதாக அமைந்தது தற்செயலன்று. இரு பகுதிகளுக்கும் தனித்தனி நாணயம் வேண்டும். இல்லையேல் கிழக்கிலிருந்து மேற்கிற்கு மூலதனம் வெளியேறுவதைத் தடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்றது அது.

இக்கரையிலும் சுமை உழவர்மீதே இறங்கியது. சணலில் தற்சார்பு என்ற முழக்கத்துடன் மேற்கு வங்கத்திலும் அசாமிலும் பீகாரிலும் ஒரிசாவிலும் சாகுபடி விரிவாக்கப்பட்டது. நெல் விளைந்த நிலங்களில் ஒரு பகுதி சணலுக்குத் திரும்பியது. 1943 பஞ்சம் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத மண் இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவு எவ்வாறு வந்தது? 1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியதும் சணல் விலை உலகெங்கும் எகிறியது. பாகிஸ்தானின் பேரம் வலுத்தது. 1951 பிப்ரவரியில் இந்தியா அந்த விகிதத்தை ஏற்றுக்கொண்டு வணிக ஒப்பந்தம் செய்தது. போர்க்கால விலையேற்றம் வடிந்த பின், 1955 ஜூலை இறுதியில் பாகிஸ்தான் தன் ரூபாயைக் குறைத்து மீண்டும் சமநிலைக்கு வந்தது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா டாலருக்கு 7.50 ரூபாய் என மீண்டும் குறைத்தபோது அதுவும் கலைந்தது. ஆனால் 1949க்கு முந்தைய தொழில் உறவு திரும்பவே இல்லை. 1951இல் நாராயண்கஞ்சில் ஆதம்ஜி சணல் ஆலை இயங்கத் தொடங்கியிருந்தது. ஒன்றையொன்று நிறைவு செய்த இரு கரைகளும் போட்டியாளர்களாயின. கடைசியில் 2002இல் ஆதம்ஜி ஆலையும் மூடப்பட்டது.

தோழர்களே, 2023 ஜூலை 11 முதல் இந்தியாவும் வங்கதேசமும் தமது வணிகத்தில் ஒரு பகுதியை ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கின. டாலரின் பிடியைத் தளர்த்தும் எந்த முயற்சியும் வரவேற்கத்தக்கதே. ஆனால் டாலரை விலக்கினால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. 1949இல் மோதிக்கொண்டவை இரு ஏழை நாடுகளின் நாணயங்களே. விகிதத்தை யார் தீர்மானிக்கின்றனர், மலிவாக வாங்குவது யார், மலிவாக விற்க நேர்வது யார் என்ற கேள்விகளை எழுப்ப வேண்டும். மைமன்சிங்கின் சணல் உழவரையும் பாட்பாராவின் ஆலைத் தொழிலாளரையும் எதிரெதிரே நிறுத்தாத விகிதம் எது என்று கேட்பதே உழைக்கும் வர்க்கத்தின் பொருளாதாரம்.